லகூனா செகா நீலம்: நிறத்துக்காக மட்டும் ஆறில் ஒரு பங்கு கூடுதலா?

வளைவுப்பிரியன் எழுதியது:

வணக்கம். நெடுநாளாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இப்போதுதான்.

பழைய பி.எம்.டபிள்யூ. எம்3 ஒன்று வாங்கும் முடிவில் இருக்கிறேன். ஈ46 என்று நிறுவனம் குறிக்கும் தலைமுறையின் உடல், எஸ்54 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின், கையால் மாற்றும் கியர். இந்த மூன்றிலும் எனக்குக் குழப்பம் இல்லை. தேடித் தேடிக் கடைசியில் இரண்டு கார்கள் தேறியிருக்கின்றன. இரண்டும் 2003-இல் தயாரானவை. ஓடிய தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது டைட்டானியம் சில்வர். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட விடுபடவில்லை. கனெக்டிங் ராடு பேரிங்குகளை (பிஸ்டன் தண்டுகள் கிராங்க் தண்டோடு சேரும் இடத்தில் இருப்பவை, தேய்ந்தால் எஞ்சினே போய்விடும்) மாற்றிய பில் இருக்கிறது. பின் அச்சைத் தாங்கும் தரைத்தகட்டில் வலுவூட்டும் தகடுகளை வெல்டு வைத்து முடித்த படங்களையும் காட்டினார். உரிமையாளர் நிதானமான மனிதர். குறை சொல்ல ஒன்றுமில்லாத கார். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அது எப்படி இருந்தது என்பதே எனக்கு மறந்துவிட்டது.

இரண்டாவது லகூனா செகா நீலம். உறையை விலக்கி வெளியே எடுத்தபோது, கேட்பதற்கென்று எழுதிக்கொண்டு போன கேள்விகளில் பாதியை நான் கேட்கவே இல்லை. பச்சை லேசாகக் கலந்த, மினுமினுப்பில்லாத, கொஞ்சமும் கூச்சமில்லாத நீலம். இடைப்பட்ட சில ஆண்டுகளுக்கு சர்வீஸ் பதிவு கிடையாது. “வெளியே தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் பார்த்துக்கொண்டேன்” என்கிறார் விற்பவர். பேரிங் மாற்றியதற்குச் சான்று இல்லை. விலையோ, சில்வர் காரின் விலைக்கு மேல் ஆறில் ஒரு பங்கு அதிகம். காரணம் கேட்டால் ஒரே பதில்தான்: “இந்த நிறம் இனி வராது. நீங்கள் விட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார்.”

நான் வியாபாரி அல்ல. வாங்கினால் பல ஆண்டுகள் வைத்திருப்பேன், ஓய்வு நாட்களில் ஓட்டுவேன். நிறத்துக்கென்று இவ்வளவு கூடுதலாகக் கொடுப்பது தகுமா? கொடுப்பதென்றால் எதைச் சோதித்துவிட்டுக் கொடுக்க வேண்டும்? சில்வரை வாங்கி நீலம் அடித்துக்கொள்வது மலிவாக முடியுமா? “நிறமா ஓடப் போகிறது?” என்று அண்ணன் கேட்கிறார். அவருக்குச் சொல்லவும் ஒரு பதில் வேண்டும்.

நான்காம்கியர் எழுதியது:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சில்வரை வாங்குங்கள், நீல வினைல் உறை ஒட்டிவிடுங்கள். அலுத்தால் உரித்துவிட்டு வேறு நிறத்துக்குப் போகலாம், உள்ளே இருக்கும் பெயின்டும் கெடாமல் இருக்கும். இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 சுற்று வரை ஏறுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே என்ன நிறம் என்று தெரியப்போவதில்லை.

அண்ணன் சொல்வதுதான் சரி.

உப்புத்தாள் எழுதியது:

தம்பி (எழுத்தை வைத்து என்னைவிட இளையவர் என்று நினைக்கிறேன், தவறென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்), பெயின்ட் கலக்கும் அறையிலும் ஸ்ப்ரே அறையிலுமாகவே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. நிறத்துக்குப் பணம் கொடுப்பது வீண் என்று சொல்ல என் நாக்கு புரளாது. ஆனால் எந்தச் சரக்குக்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரிய வேண்டும்.

நீலம் எங்கும் கிடைக்கும். லகூனா செகா என்று பெயர்கூடச் சொல்ல வேண்டாம், 448 என்ற எண்ணைச் சொன்னால் எந்தப் பெயின்ட் கடையிலும் கலந்து டப்பாவில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கா ஆறில் ஒரு பங்கு? கண்ணாடியும் வயரும் சீட்டும் ஏறுவதற்கு முன், வெறும் உடலாக நின்றபோதே தொழிற்சாலையில் அடித்து, உலையில் சுட்டு, அதன்பின் இத்தனை ஆண்டுகளாக எந்தப் பெயின்டரும் கை வைக்காத நீலம் என்றால் மட்டுமே அந்தக் கூடுதலுக்கு அர்த்தம் உண்டு. அது மறுபடி செய்ய முடியாத சரக்கு. வெறும் உடலைத் தொழிற்சாலையில் 140 டிகிரி அளவில் சுடுகிறார்கள். முழுதாகப் பூட்டிய காரை அந்தச் சூட்டில் வைத்தால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒர்க்‌ஷாப் அறையில் 60 டிகிரிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வோம். பெயின்டும் வேறு, ஹார்டனர் கலந்து இறுக வைப்பது. எவ்வளவு கைதேர்ந்த பெயின்டர் அடித்தாலும் அது இன்னொரு பூச்சுதான். அதைக் கேவலமாகச் சொல்லவில்லை, என் பிழைப்பே அதுதான். ஆனால் அதற்குத் தொழிற்சாலைப் பூச்சின் விலையைக் கேட்டால் எனக்கே சிரிப்பு வரும்.

உங்கள் நீலத்தில் இன்னொரு சங்கதி இருக்கிறது. அது மினுக்குத்தூள் கலக்காத நிறம். மெட்டாலிக் நிறங்களில் அலுமினியத் துகள்கள் மேற்பரப்பில் எப்படிப் படுக்கின்றன என்பது துப்பாக்கியின் காற்றழுத்தம், பிடித்த தூரம், அடித்த வேகம் எல்லாவற்றையும் பொறுத்தது. அதனால் பார்க்கும் கோணத்துக்குக் கோணம் அந்த நிறம் மாறும். ஒரு கதவை மட்டும் மறுபடி அடித்தால் நேரே நின்று பார்க்கும்போது பொருந்தியிருக்கும், பம்பர் பக்கம் குனிந்து நீளவாக்கில் பார்த்தால் கதவு தனியாகத் தெரியும். நிறம் அளக்கும் கருவிகள் ஒரே புள்ளியைப் பல கோணங்களில் அளப்பது இதற்காகத்தான். மினுக்கில்லாத நிறத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. உங்களுக்கு இது நல்ல செய்தி, நாளைக்குக் கீறல் விழுந்தால் சரிசெய்வது எளிது. கெட்ட செய்தியும் இதுவேதான்: ஏற்கெனவே யாராவது சரிசெய்திருந்தால் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். சில்வர் கார் தன் காயங்களைத் தானே காட்டிக்கொடுக்கும். நீலம் வாயைத் திறக்காது.

ஆகவே பெயின்ட் தடிமன் அளக்கும் மீட்டர் இல்லாமல் அந்தக் காரின் அருகில்கூடப் போகாதீர்கள். தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 90 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எண்ணைவிட முக்கியம், அது கார் முழுவதும் ஒரே சீராக இருக்கிறதா என்பது. கூரை 115, கதவு 120, ஃபெண்டர் 118 என்று வந்தால் மூச்சு விடலாம். 250-க்குப் பக்கத்தில் வந்தால் மேலே இன்னொரு முறை அடித்திருக்கிறார்கள். 500-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி இருக்கிறது, அதாவது நசுங்கியதை நிரப்பியிருக்கிறார்கள். 70-க்குக் கீழே போனால் அது வேறு வியாதி: மெஷின் பாலிஷ் போட்டுப் போட்டுப் பெயின்டைத் தேய்த்துத் தின்றுவிட்டார்கள். பளபளப்பு பிரமாதமாக இருக்கும், இன்னொரு பாலிஷைத் தாங்காது. கதவுக்குக் கீழே சக்கரத்தை ஒட்டிய விளிம்புகளில் கல்லடிக்காகத் தடித்த பூச்சு இருக்கலாம், அங்கே எண் ஏறினால் பயப்பட வேண்டாம்.

இந்த மாடலில் ஒரு பொறி உண்டு. எம்3-இன் பானெட் அலுமினியம். மலிவான மீட்டர்கள் இரும்பை மட்டுமே படிக்கும். பானெட்டில் வைத்தால் எண் காட்டாது, அல்லது உளறும். உடனே “பானெட் முழுக்கப் பட்டி” என்று கூச்சல் போட்டுவிடாதீர்கள், அலுமினியத்தையும் படிக்கும் மீட்டராகக் கேட்டு வாங்குங்கள். பம்பர்கள் பிளாஸ்டிக். அவற்றில் சாதாரண மீட்டர் எதையும் காட்டாது. காட்டினாலும் பொருட்டில்லை. முன் பம்பர் கல்லடி பட்டு மறுபடி அடிக்கப்படாத ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அதை யாரும் ஓட்டவே இல்லை என்றுதான் நினைப்பேன். இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒளிபுகும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறார்களா? அதன் தடிமனே 150, 200 மைக்ரான் வரும். அதையும் சேர்த்து அளந்துவிட்டு நல்ல பெயின்டின் மேல் பழி போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, அந்தக் கார் பிறவியிலேயே நீலமா என்பது. சேசிஸ் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பு விவரத்தாளை எடுங்கள், அதில் நிறக் குறியீடு 448 என்று இருக்க வேண்டும். பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரும் அதையே சொல்ல வேண்டும். ஸ்டிக்கர் இல்லை, “கழுவும்போது போய்விட்டது” என்றால் எழுந்து வந்துவிடலாம். நிறம் மாற்றிய கார், தலைக்குச் சாயம் பூசிய ஆளைப் போல, வேர்க்கால்களில் மாட்டிக்கொள்ளும். டிக்கியின் கம்பளத்தைத் தூக்குங்கள். இந்தக் காரில் பேட்டரி டிக்கியின் வலப்பக்கம் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள தகட்டைப் பாருங்கள். கதவு ரப்பரை லேசாக இழுத்து அடியில் பாருங்கள். கதவுக் கீல் போல்ட்டுகளின் முனையில் பெயின்ட் உடைந்திருக்கிறதா பாருங்கள். ரப்பர் விளிம்பில் நகத்தை ஓட்டினால் மாஸ்கிங் டேப் ஒட்டிய இடத்தில் மெல்லிய வரம்பு தட்டுப்படும். நகம் ஏமாறுவது அரிது.

பகல் வெளிச்சத்தில், மேகமூட்டமாக இருந்தால் மிக நல்லது, காரை ஈரமில்லாமல் பாருங்கள். கழுவித் துளித்துளியாக நீர் நிற்கும் காரைக் காட்டுவது விற்பவர்களின் பழைய வித்தை. நீர் எல்லாக் கீறலையும் மூடிவிடும். விளம்பரப் படங்களை நம்ப வேண்டாம், செல்போன் கேமராக்கள் நீலத்தைத் தங்கள் இஷ்டத்துக்கு அழகாக்கிவிடும்.

சில்வரில் நீலம் அடிக்கும் யோசனையை இப்போதே கைவிடுங்கள். ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் எஞ்சினை இறக்கி, கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளைப் பிரித்து, டிக்கியைக் காலி செய்து அடிக்க வேண்டும். அந்தச் செலவு நீங்கள் தயங்கும் ஆறில் ஒரு பங்கைத் தாண்டிப் போகும். முடிவில் கையில் இருப்பது, விவரத்தாளில் சில்வர் என்று எழுதியிருக்கும் நீலக் கார். நல்ல சில்வர் காரையும் கெடுத்தாயிற்று. வினைல் உறை ஒட்டச் சொன்ன நண்பருக்கு: ஒட்டலாம், தவறே இல்லை. ஆனால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சில்வர் எட்டிப் பார்க்கும். அது உறுத்தாத ஆளாக இருந்தால் இவர் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டார்.

ஒரு விதத்தில் உங்கள் ஆசை மலிவான ஆசை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆசை வைத்தது மஸ்தாவின் சோல் ரெட் கிரிஸ்டல் போன்ற மூன்றடுக்கு நிறத்தில் என்றால், ஒரு கதவுக்கு அடிக்கும்போது முன்னும் பின்னும் உள்ள பானெல்களுக்கும் இழைத்துக்கொண்டு போக வேண்டும். நடு அடுக்கு ஒரு சுற்று கூடினாலும் நிறம் கறுத்துவிடும். 2004-இல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவில் மிஸ்டிக்ரோம் என்று பச்சை, நீலம், ஊதா என மாறும் நிறம் ஒன்று வந்தது. அந்தப் பெயின்டைக் கடையில் வாங்க முடியாது, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில்தான் வந்தது. நிறமி கிடைக்காமல் போவதும் நடக்கும். 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது ஒனஹாமாவில் இருந்த மெர்க் ஆலை நின்றுபோனது. ஸிராலிக் என்ற மினுக்கு நிறமி அங்கேதான் தயாரானது. ஃபோர்டு நிறுவனம் டக்சிடோ பிளாக் நிறத்துக்கு ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவைத்தது. உங்கள் 448-க்கு அப்படிப்பட்ட எதுவும் தேவையில்லை.

என் கணக்கு இதுதான். கார் முழுக்கத் தொழிற்சாலைப் பூச்சு, பிறவி நீலம் என்றால், கேட்கும் ஆறில் ஒரு பங்கு நியாயம், கொடுங்கள். ஒரு பானெல் மட்டும் நேர்மையாகச் சரிசெய்யப்பட்டிருந்தால் அதில் பாதி. முழுக் காரும் மறுபடி அடிக்கப்பட்டிருந்தால் நிறத்துக்கென்று ஒரு காசும் கிடையாது. ஆனால் இதெல்லாம் கார் உருப்படியாக இருந்தால்தான். தரைத்தகட்டில் விரிசல் விட்ட எம்3-இல் நான் பெயின்டைப் பார்க்கவே மாட்டேன்.

பழையரசீது எழுதியது:

உப்புத்தாள் ஐயா சொன்னதில் பெயின்ட் சம்பந்தப்பட்ட எதிலும் நான் தலையிடப் போவதில்லை. விலை விஷயத்தில் இரண்டு இடங்களில் வேறுபடுகிறேன்.

அரிய நிறம் நல்ல காரின் விலையைத்தான் தூக்கும், சுமாரான காரை நல்ல காராக்காது. இதே ஈ46 எம்3-இல் ஆக விலை உயர்ந்தது எடை குறைத்த சி.எஸ்.எல். பதிப்பு. அது சில்வர் கிரே, பிளாக் சஃபையர் என்ற இரண்டே நிறங்களில்தான் வந்தது, சாம்பலும் கறுப்பும். ஒருவரும் அதைப் பார்த்து நிறம் மந்தமாக இருக்கிறது என்று விலை குறைக்கவில்லை. கார்பன் கூரையும் குறைந்த எடையும்தான் அங்கே பேசுகின்றன. நிறத்துக்கே பேர்போன கார்களை எடுத்தாலும் இதே கதைதான். போர்ஷே 964 கரேரா ஆர்.எஸ்.ஸில் ரூபிஸ்டோன் சிவப்பு, நிஸான் ஆர்34 ஜி.டி.-ஆரில் 2000-இல் வந்த மிட்நைட் பர்ப்பிள் III, எல்லாமே நிறமில்லாமலே ஆட்கள் துரத்தும் கார்கள். சர்வீஸ் பதிவில் ஓட்டை விழுந்த காருக்கு நிறத்தின் பேரில் மேல்விலை கேட்பது வேறு விஷயம்.

“மஞ்சள் கார்களின் மதிப்புதான் குறைவாக இறங்குகிறது” என்று, கார் விற்பனை விவரங்களைத் தொகுக்கும் ஐசீகார்ஸ் நிறுவனத்தின் ஆய்வை யாராவது இங்கே கொண்டுவந்து போடுவதற்கு முன் நானே போட்டுவிடுகிறேன். ஆய்வு சொல்வது உண்மை. ஆனால் அது ஏறக்குறைய புதிய, மூன்றாண்டு ஓடிய கார்களைப் பற்றியது. உலகம் முழுக்க வெள்ளை, கறுப்பு, சாம்பல் கார்களே மிகுதி, மஞ்சள் குறைவு, அதனால் தேடுகிறவன் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறான். இருபது வயது எம்3-க்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்ப்பதில் பயன் இல்லை. அதோடு, பளிச்சென்ற நிறத்துக்கு ஆட்களும் குறைவு. சில்வரை வேண்டாம் என்று சொல்கிறவர் யாரும் இல்லை. நீலத்தைப் பார்த்து உருகுகிறவர் ஒருவர் என்றால், மனைவி சம்மதிக்க மாட்டாள் என்று நகர்ந்துவிடுகிறவர்கள் பலர். விற்கும் நாளில் சரியான ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். நீங்கள் பல ஆண்டுகள் வைத்திருப்பேன் என்கிறீர்கள், அதனால் இது உங்களைப் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் “நாளைக்கு இதைவிட அதிகம் கிடைக்கும்” என்ற பேச்சை மட்டும் விலையில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது வேறுபாடு: முழுக்க மறுபடி அடித்த காருக்கு நிறத்துக்கென்று ஒரு காசும் கிடையாது என்கிறார் ஐயா. பிறவி 448 கார், நல்ல பெயின்டர், கண்ணாடி கழற்றி அடித்த படங்கள் எல்லாம் இருந்தால் ஓட்டுவதற்கென்று வாங்குகிறவர் கொஞ்சம் கொடுக்கத்தான் செய்வார். பாதுகாத்து வைக்கிறவர்தான் கொடுக்க மாட்டார். நம் நண்பர் ஓட்டுகிறவர்.

இன்னொன்று, வாங்கிய பிறகு காப்பீட்டில் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பு எழுதிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். சாதாரணக் காப்பீடு சந்தை மதிப்பு என்று ஒன்றைப் போட்டுக் கொடுக்கும், அந்தக் கணக்கில் சில்வரும் நீலமும் ஒன்றுதான். கூடுதலாகக் கொடுத்த ஆறில் ஒரு பங்கு அங்கே காணாமல் போகும்.

உப்புத்தாள் எழுதியது:

பழையரசீது, கண்ணாடி கழற்றி அடித்த படங்களோடு நிறம் விற்கும் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. சந்தித்தால் என் கணக்கை மாற்றிக்கொள்கிறேன். காப்பீடு பற்றிச் சொன்னது நல்ல விஷயம், எனக்குத் தோன்றவில்லை.

வளைவுப்பிரியன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரும்பு, அலுமினியம் இரண்டையும் படிக்கும் மீட்டரை இரவல் வாங்கிக்கொண்டு மறுபடி போய்ப் பார்த்தேன். விற்பவருக்கு முகம் சுருங்கியது, ஆனால் தடுக்கவில்லை.

விவரத்தாளில் 448 இருக்கிறது. பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரும் இருக்கிறது, விளிம்பு மஞ்சளித்துப் போயிருந்தாலும் எழுத்து தெளிவு. டிக்கிக் கம்பளத்துக்கு அடியிலும் பேட்டரியைச் சுற்றியும் அதே நீலம், தூசி படிந்து வெளிறிய நீலம். கூரை 112 முதல் 125. கதவுகள் 110 முதல் 121. முன் ஃபெண்டர்கள் இரண்டும் 120-ஐ ஒட்டி. பானெட் 135, முன் விளிம்பில் மட்டும் 150. கல்லடித் தழும்புகள் அப்படியே இருக்கின்றன, டச்-அப் பெயின்ட் தொட்டு வைத்திருக்கிறார்கள்.

வலது பின்பக்கம், சக்கரத்துக்கு மேலே உள்ள பானெல் மட்டும் 240 முதல் 270. எங்கும் 300-ஐத் தாண்டவில்லை. கேட்டதற்கு, “நிறுத்தியிருந்தபோது யாரோ உரசிவிட்டார்கள், தகடு நசுங்கவில்லை” என்றார். பில் தேடித் தருவதாகச் சொல்கிறார். ஐயா சொன்னபடி நகத்தை ஓட்டினேன். பின் கண்ணாடி ரப்பரின் ஓரத்தில் அந்தப் பக்கம் மட்டும் ஒரு வரம்பு தட்டுப்பட்டது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நிறம் அவ்வளவு பொருத்தம்.

காரை லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்ப்பதுதான் பாக்கி. ஓட்டிப் பார்த்தேன். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியபோது விபரீதமான சத்தம் எதுவும் இல்லை. பேரிங் மாற்றியதற்கு மட்டும் இன்னமும் சான்று இல்லை. இப்போது எவ்வளவு சொல்வது?

நான்காம்கியர் எழுதியது:

நீங்கள் அந்தக் காரை வாங்கிவிட்டீர்கள். விலை மட்டும்தான் பாக்கி. அண்ணனுக்குச் சொல்லிவிடுங்கள்.

உப்புத்தாள் எழுதியது:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், தம்பி. பானெட்டின் முன் விளிம்பில் கல்லடித் தழும்புகளை விட்டுவைத்திருக்கிறார்கள் என்றால் எனக்கு அந்த மனிதரின் மேல் மரியாதை வருகிறது. விற்பதற்காக மினுக்கிய கார் என்றால் முதலில் அங்கேதான் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

240, 270 என்பது மேலே ஒரே ஒரு முறை அடித்த கணக்கு. பட்டி இல்லை. உரசல் என்ற கதை பொருந்துகிறது. ஆனாலும் ஒன்று பாருங்கள். அந்தப் பானெல் கழற்றி மாட்டும் ஃபெண்டர் அல்ல, உடலோடு வெல்டு வைத்தது. வலது பின் விளக்கைக் கழற்றி, உள்ளே தகடுகள் சேரும் இடத்தை இடது பக்கத்தோடு ஒப்பிடுங்கள். தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டு குழிகள் ஒரே சீரான இடைவெளியில் வட்டவட்டமாக இருக்கும், அடைப்பு மெழுகும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடியிருக்கும். வலது பக்கம் மட்டும் வேறு மாதிரி இருந்தால் அது உரசல் அல்ல, மோதல். சக்கர வளைவின் உள் உதட்டையும் விரலால் தடவுங்கள். இந்த மாடலில் துரு முதலில் அங்கேதான் வரும், துருவை மறைக்க அடித்த பெயின்டும் 250 காட்டும்.

அங்கே சுத்தமாக இருந்தால், நான் முன்பு சொன்ன “பாதி” கணக்குக்கு வருகிறீர்கள்: பன்னிரண்டில் ஒரு பங்கு. அதிலிருந்து பேரிங் மாற்றும் செலவை முழுதாகக் கழித்துவிடுங்கள். சில்வரில் அது முடிந்திருக்கிறது, இதில் நீங்கள் செய்யப்போகிறீர்கள். தொடக்கக் காலக் கார்களை பி.எம்.டபிள்யூ. நிறுவனமே அழைத்து பேரிங் மாற்றிக்கொடுத்தது. உங்கள் கார் அந்த வரிசையில் வந்ததா, மாற்றினார்களா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். விற்பவருக்கே தெரியாமல் அந்த வேலை முடிந்திருக்கவும் கூடும். முடிந்திருந்தாலும் வயதைக் கருதி, உலோகத்தூள் கலந்திருக்கிறதா என்று பார்க்க எஞ்சின் எண்ணெயை ஒருமுறை சோதனைக்கு அனுப்பலாம். தரைத்தகட்டில் விரிசல் இல்லாவிட்டாலும் வலுவூட்டும் தகடுகள் இன்னும் போடவில்லை என்றால் அதையும் கழியுங்கள்.

கழித்துப் பார்த்தால் சில்வரின் விலைக்கு வந்து நிற்கும், சில சமயம் அதற்கும் கீழே போகும். விற்பவர் அதற்கு இறங்க மாட்டார். நீங்களும் அவ்வளவு இறக்க வேண்டாம், ஆசைப்பட்ட நிறத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், எவ்வளவு என்பது உங்கள் பாடு. பேசும்போது மட்டும் நிறத்தைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். பின் பானெல், பேரிங், தரைத்தகடு: இந்த மூன்றைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். நீலத்தைப் பற்றி அவர் தொடங்கினால் “ஆமாம், நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு மறுபடி பேரிங்குக்கு வாருங்கள்.

வளைவுப்பிரியன் எழுதியது:

அடுத்த வாரம் லிஃப்டில் ஏற்ற ஒப்புக்கொண்டிருக்கிறார். விளக்கைக் கழற்றவும் சம்மதித்தார். தரைத்தகட்டைப் பார்க்கும்போது கீழே அடித்திருக்கும் கறுப்புப் பூச்சு குறுக்கே வருமே, என்ன செய்வது?

உப்புத்தாள் எழுதியது:

பின் அச்சு உடலோடு சேரும் நான்கு இடங்களைச் சுற்றி மட்டும் அதைச் சுரண்டினால் போதும். விரிசல் முடி அளவுதான் இருக்கும், பூச்சோடு பார்த்தால் தெரியாது. சுரண்ட விடுவாரா என்று இன்றைக்கே போனில் கேட்டுவிடுங்கள், அங்கே போய் நின்றுகொண்டு கேட்டால் தகராறாகும். மறுபடி அடிக்கப் பூச்சு டப்பா ஒன்றை நீங்களே வாங்கிப் போங்கள். நல்ல டார்ச்சும் ஒன்று.